இரண்டு வால், ஒரு நகம்

1. பதினெட்டு நாள் கழித்து

அந்தப் பூச்சிக்கு ஒரு காலில் ஒரு நகம்தான் இருந்தது. அதை நான் பார்த்தபோது ரிப்போர்ட் என் கையெழுத்தோடு போய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

ஒரு நகமாக இருந்தால் என்ன, இரண்டாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். ஒரகடத்தில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனை லேபில் இன்-சார்ஜாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். பெயர் ரெஜினா, வீடு படப்பையில். தண்ணீரோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை. அதை நானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வேன். அந்த நகம் என் வாயை அடைத்தது. இப்போது லேபில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

2. பார்த்துப் போடச் சொன்னவர்கள்

நான் வேலைக்கு வந்த நாளில் லேபுக்கு வந்ததெல்லாம் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும்தான். பிறகு ஆலைகள் வந்தன. ஆலைகளோடு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஈ.டி.பி. வந்தது, எஸ்.டி.பி. வந்தது, ஆர்.ஓ. வந்தது. பாட்டில் பாட்டிலாகச் சாம்பிள் வந்தது. அமிலத்துக்குப் பி.எச்., கரைந்த உப்புக்கு டி.டி.எஸ்., கழிவின் அளவுக்குப் பி.ஓ.டி., சி.ஓ.டி. என்று காலையில் தொடங்கினால் மாலை கம்பெனி பஸ் வரும்வரை நிமிர நேரமிருக்காது.

கஸ்டமர்களில் பாதிப் பேர் நல்லவர்கள். மீதிப் பாதி போன் செய்து, "மேடம், அந்த சி.ஓ.டி. மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்பார்கள். "பாத்துப் போட நான் என்ன காய்கறியா விக்கறேன்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். எங்கள் எம்.டி.க்கு இதில் வருத்தம்தான். ஆனால் மறு வருஷமும் அதே கஸ்டமர்கள் வந்ததால் என்னை ஒன்றும் சொன்னதில்லை.

பூச்சி பிறகு வந்தது. பெரிய கம்பெனிகள் சில, தங்கள் வளாகத்துக்குள் ஓடும் நீரில் என்ன உயிர் இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றன. அதில் நியாயம் இருந்தது. பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நிமிஷத்துத் தண்ணீர். முந்தாநாள் என்ன கலந்தது என்று அது சொல்லாது. கல்லுக்கு அடியில் மாதக்கணக்கில் குடியிருக்கும் பூச்சி சொல்லும். அழுக்குத் தாங்காத பூச்சி அங்கே இருக்கிறது என்றால் தண்ணீர் மாதக்கணக்கில் ஒழுங்காக இருந்திருக்கிறது என்று பொருள்.

என்னை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மேற்கு மலைப்பக்கம், முழங்கால் அளவு ஓடை, ஐஸ் போலத் தண்ணீர். அங்கேதான் முதல் முறை ஸ்டோன்ஃப்ளையைப் பார்த்தேன். வளர்ந்த பிறகு இறக்கை முளைத்துப் பறக்கும். அதற்குமுன் குஞ்சாக ஓடைக்குள்ளேயே கல்லை ஒட்டி வாழும். பழுப்பும் மஞ்சளுமாகத் தட்டையான உடம்பு, பின்னால் இரண்டு வால். குளிர்ந்த, சுத்தமான, ஓடுகிற தண்ணீர் இல்லையென்றால் அதற்கு மூச்சு முட்டும். வெள்ளை டிரேயில் ஒன்றை விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்தோம். தண்ணீரில் காற்று குறையக் குறைய அது ஆறு காலையும் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கியது. அசல் தண்டால். சிரித்துவிட்டேன். முப்பது வருஷமாகப் பாட்டிலையே பார்த்தவளுக்கு அந்தப் பூச்சியின் மேல் ஒரு மோகமே வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அழுக்குத் தாங்காத பூச்சிக்கு அதிக மதிப்பெண் என்பது கணக்கு. எங்கள் அட்டவணையில் ஸ்டோன்ஃப்ளைக்குப் பத்து. அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. அதே மாதிரி கல்லை ஒட்டி வாழும் இன்னொரு பூச்சி மேஃப்ளை. மூன்று வால் உள்ள மேஃப்ளைகளில் நம் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும் வகைக்கு நாலு.

பயிற்சியிலிருந்து திரும்பியதும் மேஜைக்கு ஒரு கார்டு தயார் செய்து லேமினேட் போட்டு ஒட்டினேன். பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில் ஒரு பூச்சியை அடையாளம் காண ஆறேழு கேள்வி இருந்தது. என் கார்டில் ஒரே கேள்வி. "2 வால் – ஸ்டோன்ஃப்ளை. 3 வால் – மேஃப்ளை." கெமிஸ்ட் புத்தி அது. நிறம் மாறியதா இல்லையா என்று ஒரே பார்வையில் முடிவு சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். கார்டை ஒட்டிய அன்று எனக்கு ரொம்பத் திருப்தி.

3. குமரேசனின் ஓடை

ஒரகடம் ரோட்டில் கார் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்று. அதன் வளாகத்துக்குள் ஒரு ஓடை குறுக்கே போகிறது. மேலே ஓர் ஏரியின் கலங்கலில் இருந்து வழியும் தண்ணீர், ஆலையின் ஒரு மதிலுக்கு அடியில் நுழைந்து, பாறையும் கூழாங்கல்லுமாக இருநூறு மீட்டர் ஓடி, மறு மதிலுக்கு அடியில் வெளியேறிக் கீழ் ஏரிக்குப் போகும். மழைக்காலம் தொடங்கி மாசி வரை ஓட்டம் இருக்கும்.

அந்த ஆலையில் ஈ.எச்.எஸ். மேனேஜர் குமரேசன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சுற்றுச்சூழலும் பாதுகாப்பும் அவர் பொறுப்பு. ஹெல்மெட் போடாதவனைத் திட்டும் நேரம் போக மீதி நேரம் அந்த ஓடைக்கரையில்தான் நிற்பார். அவர் ஒரு நாள் லேபுக்கே வந்து உட்கார்ந்தார்.

"மேடம், ஓடைய மூடப் போறாங்க. கான்கிரீட் பாக்ஸ் போட்டு மேல கன்டெய்னர் யார்டு. டிராயிங் ரெடி. ஹெட் ஆபீஸ் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"நான் என்ன சார் பண்ண முடியும்?"

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. உருப்படியா ஏதாச்சும் இருந்தா நான் பேசுவேன். இல்லைன்னா விட்டுருதேன்."

டிசம்பரில் மழை விட்டு ஒரு வாரம் கழித்து நானும் தேவராஜும் போனோம். தேவராஜ் எங்கள் ஃபீல்டு சாம்ப்ளர். மண்ணூர்க்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர். சாம்பிள் பாட்டிலைக் கையில் பிடித்தே டி.டி.எஸ். எவ்வளவு என்று சொல்லிவிடுவார், பாதி நேரம் சரியாகவும் இருக்கும். அவர் ஓடையில் இறங்கி, வலையை ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் வைத்து, மேல்பக்கம் நின்று கற்களைக் காலால் கிளறினார். கிளறியதும் கல்லோடு ஒட்டியிருப்பதெல்லாம் தண்ணீரோடு வந்து வலையில் விழும். கிக் சாம்பிள் என்போம்.

டிரே நிறைய வந்தது. மூன்று வால் மேஃப்ளைக் குஞ்சுகள், தும்பிக் குஞ்சுகள், நத்தை, தண்ணீர்ப் புழுக்கள், விரல் நகம் அளவு மீன். எல்லாவற்றையும் ஆல்கஹாலில் போட்டு லேபுக்குக் கொண்டுவந்து பிரித்தோம். மூன்றாவது டிஷ்ஷில் தேவராஜ் நிறுத்தினார்.

"இன்னா மேடம் இது? இது ஒண்ணு மட்டும் ரெண்டு வாலு கீது. கார்டப் பாருங்க."

கார்டைப் பார்த்தேன். பூச்சியைப் பார்த்தேன். பழுப்பு, தட்டை, இரண்டு வால். மைக்ரோஸ்கோப்பை நன்றாக வைத்து ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம். சமவெளியில், சூட்டில், ஒரகடத்தில் இது எப்படி என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. ஆசை கண்ணை மறைத்தது. மலை ஓடையில் தண்டால் எடுத்த அதே ஆள் என் வேலையிடத்துக்கே தேடி வந்துவிட்டான் என்று குதூகலமாக இருந்தது.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஸ்டோன்ஃப்ளை. மற்றதெல்லாம் ஒன்பதாம் பக்கத்தில், அனெக்ஷரில், சின்ன எழுத்தில்.

4. கல்லா, கள்ளா

ரிப்போர்ட் ஹெட் ஆபீஸுக்குப் போன மூன்றாம் நாள் குமரேசன் போன் செய்தார். குரலிலேயே சிரிப்பு.

"மேடம், யார்டு டிராயிங்க நிறுத்தி வச்சிட்டாங்க. மலை ஓடையில இருக்கற பூச்சி நம்ம ஆலைக்குள்ளயான்னு அங்க எல்லாருக்கும் ஆச்சரியம். ஒரு போர்டு வைக்கச் சொல்லுதாங்க. படம் போட்டு, தமிழ்லயும் பேர் போட்டு."

தமிழ்ப் பெயருக்கு அவர் அதிகம் யோசிக்கவில்லை. 'கல் ஈ' என்று ஒரு மாதிரி போர்டு அடித்து ஓடைக்கரையில் நட்டார். அது மூன்று நாளில் ஆலை முழுக்கப் பரவியது. நான் ஒரு வேலையாகப் போயிருந்தபோது தோட்ட வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் குமரேசனை மறித்தார்கள்.

"இன்னா சார், கள்ளு ஈயாமே? கம்பெனிக்குள்ள கள்ளு எங்க கீது? செக்யூரிட்டிக்குத் தெரியுமா?"

"கள்ளு இல்லம்மா, கல்லு. கல்லு."

"அதான் சார் நாங்களும் சொல்றோம்."

குமரேசன் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். அவர்கள் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு மறுபடி கள்ளுக்கே வந்தார்கள். கடைசியில் அவரே சிரித்துவிட்டார். கேன்டீன் வரிசையில் எல்லோரும் அவரைக் 'கள்ளுக்கடை சார்' என்று கூப்பிட ஆரம்பித்தது அப்புறம்தான். அவர் கோபப்படவில்லை. ஓடை பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருந்த மனிதருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

நிரந்தரப் போர்டுக்கு நல்ல படம் வேண்டும், காலெல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தப் படம்தான் என்னை மாட்டிவிட்டது.

5. ஒரு நகம்

போனை மைக்ரோஸ்கோப்பில் பொருத்தி நாற்பது படம் எடுத்தேன். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கால் நுனியில் ஒரு நகம் வளைந்து நின்றது. அடுத்த காலிலும் ஒன்று. ஆறு காலிலும் ஒவ்வொன்று.

எனக்கு மெல்ல ஞாபகம் வந்தது. பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஸ்டோன்ஃப்ளைக்குக் காலுக்கு இரண்டு நகம். மேஃப்ளைக்கு ஒன்று. ஸ்டோன்ஃப்ளைக்குச் செவுள் இருந்தால் பெரும்பாலும் கால் முளைக்கும் இடத்தில், குஞ்சம் மாதிரி. மேஃப்ளைக்கு வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாக. என் பூச்சியின் வயிற்றோரம் ஒரே ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவை ஆல்கஹாலில் உதிர்ந்திருந்தன. வால் பக்கம் போனேன். இரண்டு வாலுக்கும் நடுவில் ஒரு சின்னக் குச்சி முனை. மூன்றாவது வால் ஒடிந்த இடம்.

தேவராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"புடிக்கசொல்ல மூணு இருந்திருக்கும் மேடம். நான் ஃபோர்செப்ஸ்ல தூக்கசொல்ல ஒண்ணு பிச்சிகினு வந்துருச்சு. எம்மேலதான் தப்பு."

"உங்க மேல இல்ல தேவராஜ். கார்டு எழுதினது நான். கையெழுத்துப் போட்டதும் நான்."

தப்பு செய்துவிட்டோம் என்பதைவிட, இதைச் சொன்னால் ஓடையை மூடிவிடுவார்களே என்பதுதான் உள்ளே கிடந்து அரித்தது. ஒரு பொய்யான பூச்சி ஓர் உண்மையான ஓடையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதை நானே போய்த் தட்டிவிட வேண்டுமா?

6. யார் எண்ணப் போறாங்க

எம்.டி.யிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மேடம், ஒரே ஒரு பூச்சி. யார் வந்து நகத்த எண்ணப் போறாங்க? ரெண்டு வாலுன்னு எழுதியிருக்கோம். ரெண்டு வாலு இருக்கு. பொய் ஒண்ணும் இல்லியே."

"பேரு தப்பு சார்."

"அந்த ஓடைக்கு நல்லதுதானே நடந்திருக்கு? நீங்க சொன்னா யாருக்கு லாபம்?"

உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல காரியத்துக்காகத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குமரேசன் போன் வந்தால் எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டது என் சர்வீஸில் அந்த இரண்டு நாள்தான்.

மூன்றாம் நாள் காலை தேவராஜ் வேறொரு சாம்பிளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இன்னொரு கம்பெனிக்காக எடுத்தது. லாட்ஜ்களின் பின்பக்கத் தண்ணீர் கலக்கும் கால்வாய். பக்கத்தில் நின்றாலே மூக்கைப் பொத்த வேண்டும்.

"மேடம், இதுலயும் ரெண்டு வாலு ஒண்ணு கீது. இன்னான்னு போடட்டும்?"

போய்ப் பார்த்தேன். ஒரு நகம். வால் இதில் ஒடியவும் இல்லை. மேஃப்ளையில் பிறவியிலேயே இரண்டு வால் உள்ள வகைகளும் உண்டு, அது அந்த வகை. சாக்கடைத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். என் கார்டுப்படி இதற்கும் பத்து மதிப்பெண் போட வேண்டும். போட்டால் அந்தச் சாக்கடை மலை ஓடையாகிவிடும். போடாவிட்டால் அங்கே மட்டும் ஏன் போட்டீர்கள் என்று தேவராஜ் கேட்க மாட்டார், ஆனால் நினைப்பார். ஒரு தப்பை மூட அடுத்த தப்பு தயாராக வந்து மேஜையில் நின்றது.

கார்டைப் பிய்த்தேன். லேமினேஷன் லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிறகு குமரேசனுக்குப் போன் போட்டேன்.

அவர் முழுதும் கேட்டார்.

"என்ன மேடம் சொல்லுதீங்க? ஹெட் ஆபீஸ்ல பூராப் பேரும் பாத்தாச்சு. இப்பப் போயி அது இல்லன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கது?"

"நீங்க நிக்க வேணாம் சார். நான் வந்து நிக்கறேன்."

"ஓடைய மூடிருவாங்க மேடம்."

"தெரியும் சார்."

அவர் வைத்துவிட்டார்.

7. டிரே

மறுநாள் காலை லேப் வேனில் மைக்ரோஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தேவராஜ் வலையும் டிரேயும் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டும் மேடம்" என்றார். சாம்ப்ளர்கள் வலை இல்லாமல் வெளியே போனால் செருப்பில்லாமல் போன மாதிரி நெளிவார்கள்.

பிளான்ட் ஹெட் சீனிவாசன். அதிகம் பேசாதவர், ஆலையில் எல்லோரும் அவரைக் கண்டால் சட்டைப் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். கான்ஃபரன்ஸ் அறையில் மைக்ரோஸ்கோப்பை வைத்தேன். குமரேசன் சுவரோரம் நின்றார், என்னைப் பார்க்கவில்லை.

"சார், போன ரிப்போர்ட்ல ஸ்டோன்ஃப்ளைன்னு நான் எழுதினது தப்பு. இது மேஃப்ளை. வால் ஒண்ணு ஒடிஞ்சு போச்சு, நான் கவனிக்கல. நீங்களே பாருங்க, காலுக்கு ஒரு நகம்."

அவர் குனிந்து பார்த்தார். நிதானமாக ஒவ்வொரு காலாகப் பார்த்தார்.

"ஆமா. ஒண்ணுதான். நாங்க கேக்கவே இல்லியே. நீங்களா ஏன் வந்து சொல்றீங்க?"

"என் கையெழுத்து சார் அது."

"அப்ப ஓடைய மூடலாம்னு சொல்றீங்களா?"

"மூடறதும் விடறதும் உங்க முடிவு சார். அதுல என்ன இருக்கு, என்ன இல்லன்னு சொல்றதுதான் என் வேலை."

"சரி, என்ன இருக்கு?"

ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேரெல்லாம் சொன்னா எனக்குப் புரியாது. காட்ட முடியுமா?"

நான் தேவராஜைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆலையில் ஆறு வருஷமாக இருக்கும் சீனிவாசன் ஓடைக்கரைக்கு வந்தது அன்றுதான் முதல் முறை. அவரே சொன்னார். தேவராஜ் இறங்கி நாலு உதை உதைத்து வலையைத் தூக்கி வெள்ளை டிரேயில் கவிழ்த்தார். முதலில் வெறும் சேறும் சருகும். தண்ணீர் தெளியத் தெளிய டிரே நகர ஆரம்பித்தது. மூன்று வாலையும் ஆட்டிக்கொண்டு மேஃப்ளைக் குஞ்சுகள், சருகோடு சருகாக நடக்கும் தும்பிக் குஞ்சு, ஓடோடு மெல்ல ஊரும் நத்தை, துள்ளித் துள்ளி விழும் மீன்குஞ்சு. சீனிவாசன் முதலில் நின்று பார்த்தார், பிறகு குனிந்தார், பிறகு ஷூவோடு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இவ்ளோவும் இந்த ஒரு இடத்துலயா?"

"நாலே உதை சார்" என்றார் தேவராஜ். "அந்தாண்ட பாறைகிட்ட உதைச்சா இன்னும் கீது."

"மேடம், மூடினா என்ன ஆகும்? தண்ணி உள்ள ஓடத்தானே போகுது? பாக்ஸ்ல தண்ணிக்குக் குறை இல்லியே."

"தண்ணி ஓடும் சார். வெயில் படாது. வெயில் படலன்னா கல்லுமேல பாசி பிடிக்காது. அந்தப் பாசிதான் இதுங்களுக்குச் சோறு. இதுங்க போனா தும்பிக்குஞ்சுக்கும் மீனுக்கும் சோறு இல்ல. அடுத்த மழைக்கு உள்ள வெறும் சேறுதான் இருக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, திட்டுவது போலவே சொன்னார்.

"இத ஏன் மேடம் நீங்க மொதல் பக்கத்துல எழுதல? அபூர்வமா ஒண்ணு இருக்குன்னு எழுதினீங்க. எனக்கு அபூர்வம் வேணாம். மூடினா என்ன போகும்னு தெரியணும். அது ஒன்பதாம் பக்கத்துல கூட இல்ல."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நகத்தைத் தப்பாகப் பார்த்ததைவிட அது பெரிய தப்பு என்று அந்த நிமிஷமே தெரிந்தது. தேவராஜ் டிரேயை ஓடையில் மெதுவாகச் சாய்த்து எல்லாவற்றையும் திரும்ப விட்டார்.

8. முழுக்கோடு

திருத்திய ரிப்போர்ட்டை இரண்டு நாளில் அனுப்பினேன். முதல் பக்கத்தில் என் தப்பை முதல் வரியாக எழுதினேன். அதற்குக் கீழே, இந்த இருநூறு மீட்டரில் என்னென்ன வாழ்கின்றன, மூடினால் எவை எதனால் போகும் என்று எழுதினேன். ஸ்டோன்ஃப்ளை இந்தச் சமவெளிச் சூட்டில் இனியும் வராது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும் எழுதினேன். மதிப்பெண் இறங்கியிருந்தது. எம்.டி. படித்துவிட்டு, "இந்தக் கஸ்டமர் போச்சு மேடம்" என்றார்.

குமரேசனிடமிருந்து மூன்று வாரம் தகவல் இல்லை. ஒவ்வொரு முறை அந்த ரோட்டில் போகும்போதும் மதிலுக்கு மேல் ஜே.சி.பி.யின் கை தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள் தெரிந்தது. அன்று லேபில் பீக்கர் ஒன்றைக் கீழே போட்டேன்.

மறுநாள் குமரேசனே லேபுக்கு வந்தார். கையில் சுருட்டிய டிராயிங். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை என் மேஜையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு ரீஏஜென்ட் பாட்டிலைத் தூக்கி வைத்தார்.

"யார்டு வருது மேடம். ஜே.சி.பி. நேத்தே இறங்கிருச்சு."

"மூடிட்டாங்களா?"

"நீங்களே பாருங்க."

ஆலை டிராயிங்கில் மூடிய கால்வாயைப் புள்ளிக்கோட்டில் போடுவார்கள், திறந்ததை முழுக்கோட்டில். யார்டில் ஒரு லாரி வரிசைக்கான இடம் குறைந்து, அது, பழைய ஸ்கிராப் கொட்டும் பக்கம் தள்ளிப் போயிருந்தது. குமரேசன் தன் ஆள்காட்டி விரலை ஒரு மதிலில் வைத்து மெதுவாக நகர்த்தினார். ஓடை வளைவோடு வளைந்து விரல் போனது. நடுவில் ஃபோர்க்லிஃப்ட் கடக்க நாலு மீட்டர் மட்டும் புள்ளி. அதைத் தாண்டியதும் மறுபடி முழுக்கோடு, அடுத்த மதில் வரை.

"பிளான்ட் ஹெட், ஹெட் ஆபீஸ்ல என்ன சொன்னார்னு தெரியுமா மேடம்? பூச்சி பேரே சொல்லலியாம். வெயில் படணும், பாசி பிடிக்கணும்னு மட்டும் சொன்னாராம்."

சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க டீ சொல்லப் போகிறேன் என்று எழுந்தேன். தேவராஜ் எனக்கு முன்னால் போய்விட்டார்.

லேபில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். வராத விருந்தாளிக்கு நான் வாசலில் கோலம் போட்டேன், வீட்டில் இருந்தவர்களைப் பின்பக்கம் உட்கார வைத்தேன். நீங்கள் இருப்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.